சொல்வதற்கு முன்னால் செய்வது: வேலையிலும் படிப்பிலும் முன்முயற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் கணபதி பக்கம் இருக்கும் சின்ன இயந்திரப் பட்டறைகளில் 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். ஹெல்ப்பராக நுழைந்து, ஆபரேட்டராகி, மெஷினை வேலைக்குத் தயார் செய்துகொடுக்கும் செட்டராகி, இப்போது புதிதாக வரும் ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு வேலை பழக்கிவிடுகிறேன். இன்டர்ன்ஷிப் என்று கல்லூரி மாணவர்களும் வருவார்கள். டீ இடைவேளையிலும் வாட்ஸ்அப்பிலும் இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பட்டறை உதாரணங்கள் அதிகமாக இருக்கும். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான். ஆபீஸில் இருப்பவர்களும் படிப்பவர்களும் தங்கள் இடத்துக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

முன்முயற்சி என்றால் என்ன? கொடுத்த வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்தால் போதாதா?

கொடுத்த வேலையைச் சுறுசுறுப்பாகச் செய்வது நல்ல குணம். அது இல்லாமல் இது வராது. ஆனால் இரண்டும் வேறு. "எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிறான்" என்று ஊரில் சொல்வார்களே, அது சுறுசுறுப்பு. எள் என்று யாரும் வாய் திறக்காத நாளிலும் செக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒருவர் போய்ப் பார்க்கிறார் பாருங்கள், அதைத்தான் நான் முன்முயற்சி என்கிறேன்.

இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர் மிகேல் ஃப்ரெசே என்ற ஜெர்மானிய உளவியலாளர். மூன்று விஷயம் சேர்ந்தால்தான் அது முன்முயற்சி என்கிறார் அவர். யாரும் சொல்லாமல் தானாகத் தொடங்க வேண்டும். நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே யோசிக்க வேண்டும். நடுவில் தடை வந்தால் விடாமல் அதைத் தாண்ட வேண்டும். முதல் இரண்டும் பலருக்கு இருக்கிறது. மூன்றாவதில்தான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

சில புத்தகங்களில் இதற்குத் தன்முனைப்பு என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லில் அகந்தை என்ற பொருளும் ஏறிவிட்டதால் நான் அதைத் தவிர்க்கிறேன். எங்கள் பட்டறையில் பேசுகிற பேச்சில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: "இழுத்துப் போட்டுச் செய்றவன்."

இது பிறவியிலேயே வருவதா? எனக்குக் கூச்ச சுபாவம், எனக்கெல்லாம் வருமா?

வரும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்று ஒரு சிறிய நாடு. அதன் தலைநகர் லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளைத் தேர்ந்தெடுத்துக் குலுக்கல் முறையில் 500 பேராக மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதுவது, விலை வைப்பது, சந்தைப்படுத்துவது என்று வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு முன்முயற்சிப் பயிற்சி: எப்படித் தானாகத் தொடங்குவது, பக்கத்துக் கடைக்காரர் செய்வதையே செய்யாமல் எப்படி வேறொன்றை யோசிப்பது, தடை வந்தால் என்ன செய்வது என்று. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி எதுவும் இல்லை. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து போய்க் கணக்கெடுத்தார்கள். பயிற்சி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 சதவீதம்தான். அதுவும் உண்மையான வித்தியாசம்தானா, தற்செயலா என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. 2017இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் இந்த முடிவு வெளியானது. ஃப்ரெசேயும் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர்.

முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களில் கல்யாண உடைகளை வாடகைக்கு விடும் ஒரு பெண் இருந்தார். பயிற்சிக்குப் பிறகு, உடை எடுக்க வருகிற மணப்பெண்ணுக்கு வேறு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து, கையுறை, கழுத்தணி போன்றவற்றையும் சேர்த்து விற்கத் தொடங்கினார். ஊரையே புரட்டிப்போடும் யோசனை இல்லை. கடைக்கு வருகிறவரை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறு. வகுப்பு நாலு வாரம், மொத்தம் 36 மணி நேரம். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. அப்புறம் நாலு மாதம், மாதம் ஒரு தடவை, பயிற்சியாளர் ஒவ்வொருவரின் கடைக்கே போய்ப் பார்த்தார். வகுப்பில் வரும் உற்சாகம் வாசலைத் தாண்டினால் ஆறிவிடும், யாராவது வந்து "என்னாச்சு?" என்று கேட்டால் ஆறாது. உங்களுக்கும் அப்படிக் கேட்க ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அண்ணனாக இருக்கலாம், கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம், தோழியாக இருக்கலாம்.

கூச்சம் ஒரு தடையே இல்லை. நான் பழக்கிய பிள்ளைகளில் நன்றாக வந்தவர்கள் பாதிப் பேர் அதிகம் பேசாதவர்கள்.

நானாக ஏதாவது செய்தால் "முந்திரிக்கொட்டை" என்கிறார்கள். அதிகப்பிரசங்கி என்ற பெயர் வந்துவிடுமோ?

இந்தப் பயம் நியாயமானது. சின்ன வயதிலிருந்தே நம்மிடம் "சொன்னதை மட்டும் செய்", "உனக்கெதுக்கு வேண்டாத வேலை" என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். 20 வயதில் வேலைக்கு வந்த அன்றைக்கே அது போய்விடாது.

ஆனால் முந்திரிக்கொட்டை என்று யாரைச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். விஷயத்தை முழுதாகப் பார்க்காமல் பேசுகிறவரை, அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பவரை, தொடங்கிவிட்டுப் பாதியில் போகிறவரை. தன் மெஷினைச் சுற்றிக் கிடக்கும் உலோகச் சுருளைக் கூட்டி அள்ளாமல் பக்கத்து மெஷினுக்கு யோசனை சொன்னால் எனக்கும் கோபம்தான் வரும். முதலில் உங்கள் இடம் சுத்தமாக இருக்கட்டும். உங்கள் வேலை நேரத்துக்கு முடியட்டும். அதற்கப்புறம் நீங்கள் பேசினால் காது கொடுப்பார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. நிஜமாகவே சொல்கிறேன். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

எங்களிடம் மோட்டார் ஷாஃப்ட் கடையும் ஒரு சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் வைத்து ஓடும் கடைசல் மெஷின், இருந்தது. பேரிங் உட்காரும் இடம் 25 மில்லிமீட்டர் விட்டம். 13 மைக்ரான் வித்தியாசத்துக்குள் வர வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரான். தினமும் காலை ஷிப்டில் முதல் நாலைந்து பீஸ் அளவு தவறும். செட்டிங்கைத் திருத்துவோம், சரியாகும், பத்து மணிக்கு மேல் திரும்பவும் கொஞ்சம் நகரும், திரும்பவும் திருத்துவோம். "காலை நேரம் அப்படித்தான்" என்று எல்லாரும் பழகிவிட்டோம். நானும்தான்.

டிப்ளமோ முடித்த ஒரு பையன் பயிற்சிக்கு வந்திருந்தான். நுணுக்கமாக அளவெடுக்கும் மைக்ரோமீட்டரைப் பிடிக்கவே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தான். அளவெடுத்துப் பழகட்டும் என்று அந்த மெஷினில் விட்டிருந்தேன். அவனாகவே ஒரு நோட்டில் கோடு போட்டு, நேரம், எத்தனையாவது பீஸ், அளவு என்று எழுத ஆரம்பித்தான். யாரும் சொல்லவில்லை. ஒன்பது நாள் எழுதினான். பத்தாம் நாள் டீ நேரத்தில் நோட்டோடு வந்து நின்றான்.

"ஏனுங்ணா, ஒரு நிமிசம் பாக்கறீங்களா?"

பார்த்தேன். திங்கட்கிழமை அளவு மிக மோசம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சமாகத் தவறியிருந்தது. நடுவில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அதற்குப் பிறகும் அதே மாதிரி. அதாவது, காலை என்பதால் தவறவில்லை. மெஷின் நின்று, ஆறிக் கிடந்து, திரும்ப ஓடும்போதெல்லாம் தவறியது. பீஸைச் சுழற்றும் ஸ்பிண்டிலும், வெட்டும் கருவியை நகர்த்தும் பால் ஸ்க்ரூவும் ஓட ஓடச் சூடேறி விரியும்; சூடு நிலைக்கு வரும்வரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். படித்த விஷயம்தான், எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை எங்கள் மெஷினோடு சேர்த்துப் பார்த்தவன் அவன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும், ஜாப் போடாம கால் மணி நேரம் சும்மா ஓட்டிப் பாக்கட்டுங்களாண்ணா?"

பார்த்தோம். முதல் பீஸே அளவுக்குள் வந்தது. எல்லா நாளும் அப்படி வந்துவிடவில்லை. திங்கட்கிழமைகளில் இன்னமும் ஒரு பீஸ் போகும். ஆனால் தினம் நாலைந்து போனது நின்றது. இப்போது காலையில் வருபவர் முதலில் மெஷினை ஓடவிட்டுவிட்டுத்தான் ட்ராயிங்கை எடுப்பார்.

அந்தப் பையன் செய்ததைப் பாருங்கள். தன் கையில் இருந்த வேலையில்தான் தொடங்கினான். குறை சொல்வதற்கு முன்னால் எண்ணிக்கையை எழுதினான். "மெஷின் சரியில்லை" என்று சொல்லாமல், ஒரே ஒரு நாள் முயற்சி செய்யட்டுமா என்று கேட்டான். நீங்களும் நாளைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் வேலையில் "இது எப்பவும் இப்படித்தான்" என்று யாராவது சொல்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் அதை மட்டும் எழுதிவாருங்கள். ஆபீஸ் என்றால், எந்த விண்ணப்பம் எதற்காகத் திரும்பி வருகிறது என்று எழுதலாம். கடை என்றால், எந்தப் பொருளைக் கேட்டு வாடிக்கையாளர் வெறுங்கையோடு போகிறார் என்று எழுதலாம்.

மேலே இருப்பவரைக் கேட்காமல் செய்யலாமா?

சிலதைச் செய்யலாம், சிலதைச் செய்யவே கூடாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், நைட் ஷிப்ட். ஒரு ஜாபில் ஃபினிஷ் சரியாக வரவில்லை. நானாக இன்சர்ட்டை (வெட்டும் முனையை) மாற்றி, ஆஃப்செட்டையும் (மெஷினில் போட்டிருக்கும் அளவுத் திருத்தத்தையும்) கொஞ்சம் மாற்றினேன். பீஸ் கண்ணாடி மாதிரி வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன். ஷிப்ட் நோட்டில் எழுதவில்லை, அடுத்த ஷிப்டுக்கு வந்தவரிடமும் சொல்லவில்லை. அவர் தன் வழக்கப்படி பழைய திருத்தத்தை அதன் மேல் போட்டார். 64 பீஸ் அளவு குறைந்துவிட்டது. அளவு கூடியிருந்தால் திரும்பக் கடையலாம். குறைந்தால் பழைய இரும்புக்குத்தான் போகும். அந்த அண்ணன் எனக்காகத் திட்டு வாங்கினார். நான் உண்மையைச் சொன்ன பிறகும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் முகம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். தப்பாகப் போனால் பழையபடி வைத்துவிட முடியுமா? வேறொருவர் வேலையை இது தொடுகிறதா? பணம், பாதுகாப்பு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு, இதில் ஏதாவது ஒன்று இதில் மாட்டுமா? பழையபடி வைக்கலாம், யாரையும் தொடாது என்றால் செய்துவிட்டுச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றிலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் சலுகையே கிடையாது: வேகமாக ஆகட்டும் என்று கதவு சென்சாரைக் கட்டிவைப்பதும், பாதுகாப்பு மூடியைக் கழற்றுவதும் முன்முயற்சி இல்லை, விரலோடு விளையாடுவது. ஒருவேளை செய்ய வேண்டாம் என்று நிறுத்துவதாக இருந்தால், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆபத்து என்று தோன்றினால் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

சூப்பர்வைசரிடமோ மேனேஜரிடமோ எப்படிச் சொல்வது? போய் நின்றால் வார்த்தை வரவில்லை.

முதலில் எழுதிப் பாருங்கள். நாலு வரிக்குள் வர வேண்டும். என்ன நடக்கிறது, எவ்வளவு நஷ்டம், நான் என்ன செய்யலாம் என்று நினைக்கிறேன், உங்களிடம் எனக்கு என்ன வேண்டும். எங்கள் பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண் அனுப்பிய செய்தியை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"சார், போன வாரம் 11 பெட்டி லேபிள் மாறித் திரும்பி வந்தது. அதில் 9 பெட்டி, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஷாஃப்ட் மாறியதால். ஒன்றுக்கு நீல ஸ்டிக்கர் ஒட்டினால் மாறாது என்று நினைக்கிறேன். ஒரு ரோல் ஸ்டிக்கர் வாங்கித் தந்தால் திங்கட்கிழமை தொடங்கிப் பார்க்கிறேன்."

இதில் யாரையும் குறை சொல்லவில்லை. மேனேஜர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சரி என்று சொல்வது. ஷிப்ட் மாறும் நேரத்திலும் லோடு ஏறும் நேரத்திலும் போய் நிற்காதீர்கள். நல்ல யோசனைகூட அப்போது தொந்தரவாகத்தான் தெரியும்.

சொன்னேன். "அதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இனிமேல் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள் என்று மேலேயே சொன்னேன். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ராமானுஜன் ஞாபகம் வருவார். மேதை என்பதால் இல்லை. மறுக்கப்பட்டபோது அவர் என்ன செய்தார் என்பதற்காக.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர். எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்விலும் தேறவில்லை. வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தன் கணக்கு நோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய்ப் பார்த்தார்: இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர், நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கிருந்தே இங்கிலாந்துக் கணிதப் பேராசிரியர்களுக்கு எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேரிடமிருந்து உதவி எதுவும் வரவில்லை. அதற்கப்புறம்தான் 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதினார். நான் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஒரு கிளார்க் என்று நேராகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, உதவுங்கள் என்று மட்டும் எழுதாமல், தான் கண்டுபிடித்த நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகளையும் கூடவே அனுப்பினார். அடுத்த வருடம் மார்ச்சில் கப்பல் ஏறினார்.

நம் கதை அவ்வளவு பெரிதில்லை, சரி. ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. வெறும் யோசனையைக் கொண்டுபோனால் "முடியாது" என்பது சுலபம். செய்து பார்த்த சின்னதையாவது கையில் வைத்துக்கொண்டு போனால் அவ்வளவு சுலபமில்லை. அப்புறம், மறுத்தவரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "எது இடிக்குதுன்னு சொன்னீங்கன்னா நான் பாத்துட்டு வரேன் சார்." பாதி நேரம் அவருக்குத் தெரிந்த ஒரு காரணம் நமக்குத் தெரியாமல் இருக்கும். மெஷின் வாரண்டி, வாடிக்கையாளர் போட்ட நிபந்தனை, அடுத்த மாதம் அந்த ஜாபே நிற்கப்போகிறது என்று ஏதாவது. காரணம் தெரிந்தால் யோசனையைத் திருத்தலாம், அல்லது நிம்மதியாக விடலாம். இரண்டு தடவை வேறு வேறு விதமாகச் சொல்லியும் நடக்கவில்லை என்றால், அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

என் யோசனையை இன்னொருவர் தன் பேரில் சொல்லிவிட்டால்?

வலிக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. தேதி போட்டு எழுதி, இரண்டு பேர் இருக்கும்போது சொல்லுங்கள். அந்த அளவுக்குத்தான் காவல் போட முடியும். யோசனை திருடு போனாலும் யோசிக்கிற பழக்கம் உங்களிடம்தான் இருக்கிறது. அவர் அடுத்த யோசனைக்கும் உங்களிடம்தான் வர வேண்டும். தொடர்ந்து அப்படியே நடந்தால் இடம் மாறுவதைப் பற்றி யோசியுங்கள்.

நான் மாணவன். ஆசிரியர் சொன்னதைப் படித்து மார்க் வாங்கினால் போதாதா?

தேர்வுக்குப் போதும். அதற்கடுத்த நாளுக்குப் போதாது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் 85 சதவீதம் வாங்கியவர், "இந்த ட்ராயிங்கில் உனக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டால் விழிப்பார். யாரும் அவரைச் சந்தேகம் கேட்கப் பழக்கவில்லை.

படிப்பில் முன்முயற்சி என்பது சின்னச் சின்ன விஷயம். நாளைக்கு நடத்தப்போகும் பாடத்தை இன்றைக்கு இரவு இருபது நிமிடம் புரட்டிவிட்டு, புரியாத இரண்டு இடத்தைக் குறித்துக்கொண்டு போவது. தேர்வில் தப்பாகப் போன கணக்கைத் திரும்பப் போட்டு, எந்த வரியில் தப்பினேன் என்று ஆசிரியரிடம் காட்டுவது. லேபில் மூன்று பேர் குழுவில் கருவியைத் தொடுகிற ஆளாக இருப்பது. ரெக்கார்டு எழுதுகிறேன் என்று ஒதுங்கினால் செமஸ்டர் முழுக்க ஒதுங்கியே இருப்போம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கடைசி வருட ப்ராஜெக்ட். மனது கஷ்டப்பட்டுத்தான் சொல்கிறேன்: காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்குகிறவர்கள் ஏராளம். நாலு வருடப் படிப்பில் உங்கள் கையில் முழுதாகக் கொடுக்கப்படும் வேலை அது ஒன்றுதான். அதையும் விற்றுவிட்டால் அப்புறம் எதில் பழகுவது? உங்கள் ஊரில் ஒரு பட்டறைக்கோ அரிசி ஆலைக்கோ நூலகத்துக்கோ போய், "இங்க எது உங்களுக்குத் தினமும் தொல்லையா இருக்கு?" என்று கேளுங்கள். முதல் இரண்டு இடத்தில் விரட்டலாம். மூன்றாவது இடத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தத் தொல்லையில் பத்தில் ஒரு பங்கைத் தீர்த்தால்கூட அது உங்கள் ப்ராஜெக்ட். அது முழுதாக ஓடாமல் போயிருந்தாலும், ஏன் ஓடவில்லை என்று இன்டர்வியூவில் நீங்கள் சொல்லும் பதிலை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது.

இங்கிலீஷ் சரியாக வராது. நல்ல கல்லூரியும் இல்லை. என்ன செய்வது?

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணைய வீடியோப் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு. இங்கிலீஷில் பார்க்கிறபோது ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விரிவுரை போதும். நிறுத்தி நிறுத்தி, புரிந்ததைத் தமிழில் எழுதுங்கள். பத்துப் பாடத்தில் பதிவு செய்து இரண்டாம் வாரத்தில் விடுவதைவிட ஒன்றை முடிப்பது எவ்வளவோ மேல்.

எங்கள் ஊர் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். கழற்றிப் பார்க்க அனுமதியுள்ள ஏதாவது ஒன்று எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

இழுத்துப் போட்டுச் செய்தால் எல்லா வேலையையும் என் தலையிலேயே கட்டுகிறார்களே?

நடக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் கூடுதல் நேரம் உட்காருவதும் முன்முயற்சியும் ஒன்றில்லை. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சட்டம் தந்த உரிமை. "உனக்கு ஆர்வம் இருக்கு, இருந்து முடிச்சுட்டுப் போ" என்று அதைச் சாப்பிட விடாதீர்கள். வேலை கூடும்போது ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: "செய்யறேன் சார், ஆனா கையில இந்த ரெண்டு இருக்கு. எதைத் தள்ளி வைக்கட்டும்?" கேட்கத் தயங்காதீர்கள். வருட இறுதியில் சம்பளம் பேசும்போது உங்கள் நோட்டையும் கொண்டுபோங்கள்.

நான் பத்துப் பேரை மேய்க்கிறேன். ஒருவரும் தானாக எதுவும் செய்வதில்லை. ஆட்களே சரியில்லையா?

ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். ஜெர்மனி இரண்டாக இருந்து ஒன்றாகச் சேர்ந்த பிறகு, ஃப்ரெசேயும் அவர் கூட இருந்தவர்களும் கிழக்கிலும் மேற்கிலும் வேலை செய்பவர்களை ஒப்பிட்டார்கள். ஒரே மொழி, ஒரே மக்கள். ஆனால் கிழக்கில் முன்முயற்சி குறைவாக இருந்தது. தன் வேலையைத் தானே தீர்மானிக்க இடமில்லாத, யோசிக்கத் தேவையில்லாத வேலையில் பல வருடம் இருந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். 1996இல் வெளிவந்த ஆய்வு. நாலு தடவை கேட்டு நாலு தடவையும் வாயை மூடு என்று சொன்னால், ஐந்தாவது தடவை எவரும் கேட்க மாட்டார்கள்.

டொயோட்டாவில் 1951இலிருந்து தொழிலாளர் யோசனைத் திட்டம் இருக்கிறது. அங்கே தொழிலாளி தலைக்கு மேலே ஒரு கயிறும் தொங்கும். தப்பு என்று தோன்றினால் அவர் இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். உடனே தீராவிட்டால் அந்த வரிசையே நிற்கும். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்த சகிச்சி டொயோடாவின் யோசனையிலிருந்து வளர்ந்தது அது. நூற்பாலையும் தறியும் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அருமை உடனே புரியும். கயிறு இழுத்தவரைத் திட்டினால், அடுத்த நாளிலிருந்து அது வெறும் கயிறு.

யோசனைப் பெட்டி மாட்டுவதோடு விடாதீர்கள். போட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் ஏன் என்று சொல்லுங்கள். நாங்கள் பெட்டியை எடுத்துவிட்டு, டீ போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்தோம். யார் சொன்னது, என்ன ஆயிற்று என்று எழுதியிருக்கும். பெட்டியில் ஒரு வருடத்தில் வந்ததைவிட அதில் இரண்டு மாதத்தில் அதிகம் வந்தது.

தொடங்குகிறேன், இரண்டு வாரத்தில் விட்டுப்போகிறது.

பெரிதாகத் தொடங்கியிருப்பீர்கள். இரண்டு வாரத்தில் முடிகிற அளவுக்கு வேலையை வெட்டுங்கள். முடித்ததை யாரிடமாவது சொல்லுங்கள். அடுத்ததை அப்புறம் எடுங்கள்.

வயது 45 தாண்டிவிட்டது. இத்தனை வருடம் சொன்னதை மட்டுமே செய்து பழகிவிட்டேன். இனிமேல் மாற முடியுமா?

எங்கள் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் ஓர் அக்கா இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். பன்னிரண்டு வருடமாக, கடைந்து விழும் சுருளையெல்லாம் ஒரே ட்ரம்மில் அள்ளிப் போடுவார். இரும்பும் பித்தளையும் கலந்தே கிடக்கும். பழைய இரும்புக்காரர் மாதம் ஒரு தடவை வந்து கலப்பட விலைக்கு எடுத்துப் போவார். ஒரு நாள் ட்ரம் ஏற்றும்போது அந்த வியாபாரி தன் ஆளிடம், "பித்தளை தனியா இருந்தா ரேட்டே வேறடா" என்று சொன்னது அக்கா காதில் விழுந்திருக்கிறது.

அடுத்த நாள் என்னிடம் வந்தார். "தம்பி, அந்த ரெண்டு மெசினுலதான மஞ்சச் சுருள் வருது? அதுக்குன்னு ஒரு காலி ட்ரம் குடு சாமி, நான் தனியா அள்ளி வெக்கறேன்."

ஸ்டோரில் ஓட்டை விழுந்த ஒரு பழைய கூலன்ட் ட்ரம் இருந்தது. ஓட்டையைப் பற்றவைத்துக் கொடுத்தேன். படிக்கத் தெரியாத ஆளும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று, தன் பழைய மஞ்சள் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்து அதன் கைப்பிடியில் அவரே கட்டினார். அந்த மாதம் முதலாளி சீட்டைப் பார்த்துவிட்டு எடையைத் திரும்பப் போடச் சொன்னார். பணம் அவ்வளவு கூடியிருந்தது. இப்போது அலுமினியத்துக்கும் ஒரு ட்ரம் கேட்டிருக்கிறார்.